அடுக்குமாடி வீட்டுக்குப் பொறுப்பு யார்?



தோட்டத்து லயத்தில் ஒரு குழாய் உடைந்தால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது நமக்குத் தெரியும். மண்டோரிடம் சொல்வோம். அவர் கிராணியாரிடம் சொல்வார். கிராணியார் துரையிடம் சொல்வார். உடனே பழுது பார்த்தார்களா, ஒரு மாதம் இழுத்தடித்தார்களா என்பது வேறு கதை. ஆனாலும் வீடு நிர்வாகத்தின் வீடு, அதைச் செப்பனிடுவது நிர்வாகத்தின் கடமை என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. காலையில் வாசற்கூட்டி வந்து கூட்டுவார். சாக்கடையில் நீர் தேங்கினால் டிரெஸ்ஸர் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார்.

அந்த லயத்தை விட்டுப் பட்டணத்து ஓரத்தில் ஐந்து மாடி, பதினெட்டு மாடி என்று எழுந்து நிற்கும் கட்டடங்களில் குடியேறிய நம் குடும்பங்கள் பல. அங்கே குழாய் உடைந்தால் யாரிடம் சொல்வது? மின்தூக்கி நின்றுவிட்டால், மூட்டுவலியுள்ள பாட்டியை எட்டாம் மாடிக்கு ஏற்றுவது யார் பொறுப்பு? நான் படித்துக்கொடுத்த பிள்ளைகளின் பெற்றோர் பலர் என்னிடம் கேட்ட கேள்விதான் இது. கேட்டுவிட்டு, "லயத்திலேயே இருந்திருக்கலாம், சார்" என்று ஒரு பெருமூச்சும் விடுவார்கள். அடுக்குமாடி வீடு எப்படிக் கெட்டுப்போகிறது, அதைத் திருத்த வீட்டுக்காரரும் குடியிருப்போரும் நகராண்மைக் கழகமும் என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

முதலில் உங்கள் வீடு எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவகை, அரசாங்கமோ மாநகர் மன்றமோ கட்டித் தானே சொந்தமாக வைத்துக்கொண்டு வாடகைக்கு விடும் வீடு. 1998ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பெருமளவில் எழுந்த மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளில், அதாவது நாம் பி.பி.ஆர். என்று சொல்லும் வீடுகளில், வாடகைக்கு விடப்பட்டவை இவ்வகை. கோலாலம்பூரில் புறம்போக்கு நிலங்களிலும் நீண்ட வீடுகளிலும் இருந்தவர்களுக்கு இவை கொடுக்கப்பட்டன. மாத வாடகை 124 வெள்ளி என்று வைத்தார்கள். இங்கே வீட்டுக்காரர் மாநகர் மன்றமே. அதனால் குறை எதுவானாலும் போக வேண்டிய வாசல் ஒன்றுதான்.

மற்றொரு வகை, வீடமைப்பு நிறுவனம் கட்டி விற்ற மலிவு விலை அடுக்குமாடி. 1982 முதல் இவற்றுக்கு 25,000 வெள்ளி என்று உச்ச விலை வைத்திருந்தார்கள். 1998இல் இடத்துக்குத் தக்கபடி அது 42,000 வெள்ளி வரை உயர்ந்தது. சேமநிதிப் பணத்தை எடுத்து, தாலிக்கொடியையும் அடகு வைத்து நம்மவர் வாங்கியவை இவை. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. ஆனால் கூரை, படிக்கட்டு, மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, சாக்கடை, நடைவழி விளக்கு ஆகியவை எல்லாருக்கும் பொது. சிக்கல் பிறக்கும் இடம் இந்தப் பொதுச் சொத்துதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கட்டடத்தில் 200 வீடுகள் இருப்பதாகவும், வீட்டுக்கு மாதம் 50 வெள்ளி பராமரிப்புக் கட்டணம் என்றும் வைத்துக்கொள்வோம். எல்லாரும் கட்டினால் மாதம் 10,000 வெள்ளி சேரும். பாதிப்பேர் கட்டாவிட்டால் 5,000 வெள்ளிதான். அப்போது முதலில் கூட்டுபவரின் வேலைநாளைக் குறைப்பார்கள். அடுத்து, மின்தூக்கியைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்குப் பாக்கி விழும். அவர்கள் வருவதை நிறுத்துவார்கள். மின்தூக்கி நின்றதும், "ஓடாத மின்தூக்கிக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்று இன்னும் சிலர் நிறுத்துவார்கள். வசதியுள்ளவர் வேறு தாமானில் வீடு வாங்கிக்கொண்டு, இதை வாடகைக்கு விட்டுவிட்டுப் போவார். கட்டடம் அசிங்கமாக இருப்பதால் வாடகை இறங்கும். வாடகை இறங்கியதும், யார் வந்தாலும் சரி என்று விசாரிக்காமல் சாவியைக் கொடுப்பார்கள். பிறகு இருட்டிக் கிடக்கும் படிக்கட்டில் பசை முகர்கிற பையன்களைப் பார்த்துவிட்டு, "இங்கே இருப்பவர்களே இப்படித்தான்" என்று வெளியார் பேசுவார்கள். ஆட்கள் கெட்டதால் கட்டடம் கெட்டது என்பது அவர்கள் எண்ணம். நான் பார்த்தவரையில் பணம் நின்றது முதலில். மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தவை.

பழைய கட்டடங்கள் சிலவற்றில் முழுக் கட்டடத்துக்கும் ஒரே தண்ணீர் மீட்டர் இருப்பதும் பெரிய தொல்லை. பத்து வீடு பணம் கட்டாவிட்டால் பாக்கி எல்லார் தலையிலும் ஏறும். குழாயை அடைத்தால் ஒழுங்காகக் கட்டியவர் வீட்டிலும் தண்ணீர் வராது. வீட்டுக்கு வீடு தனி மீட்டர் மாற்றிய இடங்களில் இந்தச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது. உங்கள் கட்டடத்தில் இன்னும் மொத்த மீட்டர்தான் என்றால், அடுத்த கூட்டத்தில் முதலில் எழுப்ப வேண்டிய பேச்சு இதுவே.

கூட்டம் என்றேன். எந்தக் கூட்டம் என்று சிலர் கேட்கலாம். 1985ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா பட்டாச் சட்டம் வந்தது. ஆயினும் பட்டா கிடைக்கும் வரை கட்டடம் வீடமைப்பு நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. பட்டா வரப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் கட்டடம் பாழாகிவிட்ட கதைகள் ஏராளம். இதைச் சரிசெய்ய 2007இல் ஒரு சட்டம் வந்தது. பிறகு அதற்குப் பதிலாக 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் இயற்றப்பட்டு, 2015 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. இதன்படி, பட்டா வரும்வரை கூட்டு நிர்வாக மன்றம், அதாவது ஜே.எம்.பி., கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும். பட்டா வந்தபின் எம்.சி. என்னும் நிர்வாகக் கழகம் பார்த்துக்கொள்ளும். பெயர் எதுவானாலும் அதில் இருப்பவர்கள் உரிமையாளர்களாகிய நீங்கள்தான். ஆண்டுக்கு ஒரு பொதுக்கூட்டம் கூட்டி, தணிக்கை செய்த கணக்கைக் காட்டி, குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவர்களுக்கெல்லாம் மேலே கட்டட ஆணையர் என்று ஓர் அதிகாரி, நகராண்மைக் கழகத்திலோ மாநகர் மன்றத்திலோ இருக்கிறார்.

கட்டணம் கட்டாதவரிடம் இந்த மன்றம் என்ன செய்யலாம் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 14 நாள் தவணை தர வேண்டும். பாக்கிக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி போடலாம். பாக்கிக்காரர் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். பாக்கி வைத்திருப்பவர் கூட்டத்தில் ஓட்டுப் போட முடியாது. அதற்கும் அசையாவிட்டால் கட்டட ஆணையரிடம் விண்ணப்பித்து, பாக்கிக்காரரின் அசையும் பொருளைப் பறிமுதல் செய்ய ஆணை பெறலாம். அல்லது 250,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கும் ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணத்தில் 10 விழுக்காட்டுக்குச் சமமான தொகையைத் தனியாகக் கையிருப்பு நிதிக்குக் கட்ட வேண்டும் என்பதும் விதி. கூரை மாற்றுவது, மின்தூக்கி மாற்றுவது போன்ற பெருஞ்செலவுக்கு உரிய பணம் அது. தீபாவளி விருந்துக்கு எடுப்பதற்கல்ல.

ஆனால் பெயரை ஒட்டுவதிலிருந்து தொடங்காதீர்கள் என்பது என் கருத்து. பெயர் ஒட்டப்பட்ட மனிதர் வெட்கப்பட்டுப் பணம் கட்டுவதைவிட, கோபப்பட்டுப் பகையாவதே அதிகம். முதலில் குழுவினர் இரண்டு பேர், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது, கதவைத் தட்டிப் பேசட்டும். உண்மையான காரணம் அங்கேதான் தெரியவரும். ஒரு வீட்டில் வேலை போயிருக்கும். அவர்களுக்கு மாதம் இருபது வெள்ளியாகத் தவணை போட்டுக் கொடுக்கலாம். இன்னொரு வீட்டில் இருப்பவரோ, "நான் வாடகைக்கு இருக்கிறேன், அதெல்லாம் வீட்டுக்காரர் கட்டுவார்" என்பார். வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் பேசினால், "குடியிருப்பவர்தானே கட்ட வேண்டும்?" என்பார். கடைசியில் இருவருமே கட்டியிருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட வீடுகள்தாம் கட்டடத்தை மெல்ல மெல்லச் சாகடிக்கின்றன. சட்டப்படி அந்தக் கட்டணம் உரிமையாளரின் கடன். வாடகைக்கு விட்டிருந்தாலும் அது அவரை விட்டு நீங்காது.

நம்மவரிலும் வீட்டுக்காரர்கள் உண்டு என்பதால் அவர்களுக்கு இரண்டு வார்த்தை. தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டே பட்டணத்தில் ஒரு மலிவு விலை வீட்டை வாங்கி, வாடகைக்கு விட்டிருப்பீர்கள். ஓய்வு பெற்றபின் போய் இருக்கலாம் என்பது உங்கள் எண்ணம். அந்த நாளில் அது இருக்கக்கூடிய வீடாக இருக்க வேண்டுமே! வாடகையை வாங்கியதும் அதில் பராமரிப்புக் கட்டணத்தை முதலில் எடுத்து வையுங்கள். வாய்ப்பேச்சை நம்பாமல் ஒப்பந்தம் எழுதி, வருமான வரி வாரியத்தில் முத்திரைக் கட்டணம் செலுத்துங்கள். முத்திரையில்லாத காகிதம் வழக்கு மன்றத்தில் உதவாது. வீட்டில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குடிவந்தவரின் பெயரையும் உங்கள் தற்போதைய முகவரியையும் நிர்வாக மன்றத்தில் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள்.

குடிவந்தவர் வாடகை தராவிட்டால் என்ன செய்வது? பூட்டை மாற்றுகிறேன், கரண்டை வெட்டுகிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். அது கூடாது. 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 7ஆம் பிரிவு, வழக்கு மன்றத்தின் வழியாக அல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை என்று சொல்கிறது. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் என்று அதற்குப் பெயர். வாடகைப் பாக்கியை வசூலிக்க 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டம் இருக்கிறது. அதற்கும் மன்றத்தின் ஆணை வேண்டும். வாடகைக்கு இருக்கும் குடும்பங்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரவோடு இரவாகச் சாமான்களை வெளியே எறிவேன் என்று யாராவது மிரட்டினால், போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காக வாடகையைக் கட்டாமல் இருந்துவிடலாம் என்று பொருளில்லை. ஒவ்வொரு மாதமும் ரசீது கேட்டு வாங்கி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.

இன்னொரு செய்தி. மூன்று அறை வீட்டை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட, அவர்கள் அதில் இருபது அந்நியத் தொழிலாளர்களை அடைத்துவிடுவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். கழிவுநீர்க் குழாய் தாங்காது, குப்பை வழியும், உடனே அக்கம்பக்கத்தார் அந்தத் தொழிலாளர்களைத் திட்டுவார்கள். நம் பாட்டன்மாரும் கப்பலேறி வந்து ஒரே லயத்தில் நெருக்கியடித்துக் கிடந்தவர்கள்தாம். திட்ட வேண்டியது அடைத்தவரை. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்காக ஏற்பட்ட குறைந்தபட்ச வசதிச் சட்டம் 1990ஆம் ஆண்டுச் சட்டமாக இருந்து, 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தீபகற்ப மலேசியாவில் மற்றத் துறை முதலாளிகளையும் கட்டுப்படுத்துகிறது. தொழிலாளரைத் தங்கவைக்கும் முதலாளி தொழிலாளர் இலாகாவில் தங்குமிடச் சான்றிதழ் பெற்றாக வேண்டும். ஒருவருக்கு இவ்வளவு படுக்கை இடம் என்ற அளவும் உண்டு. தோட்டத்து மக்களுக்காக வந்த சட்டம் இன்று பட்டணத்து அடுக்குமாடிக்கும் காவலாக வந்திருக்கிறது. வீட்டை நிறுவனத்துக்கு விடுமுன் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் கூட்டம் அளவுக்கு மீறினால் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதுங்கள்.

மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகுவதால் வரும் சண்டையைச் சொல்லாமல் விட முடியாது. சொந்தக்காரர்களே பேசாமல் போன இடங்கள் உண்டு. மேல்வீட்டம்மா, "என் வீட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை, வந்து பாருங்கள்" என்பார். கீழ்வீட்டம்மா சமையலறையில் வாளி வைத்துக்கொண்டு அழுவார். இதற்கு 2015ஆம் ஆண்டு விதிகளில் வழி இருக்கிறது. ஒழுகுகிறது என்று எழுத்தில் அறிவித்தால், நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்வையிட வேண்டும். பார்வையிட்டு, காரணம் இன்னது, பொறுப்பாளி இன்னார் என்று சான்றிதழ் தர வேண்டும். காரணம் வேறு என்று மெய்ப்பிக்கப்படாத வரையில், கசிவு மேல்வீட்டிலிருந்தே வருகிறது என்று கொள்ளப்படும். பொறுப்புள்ளவர் சரிசெய்யாவிட்டால் நிர்வாகமே சரிசெய்து செலவை அவரிடம் வாங்கலாம். மேல்வீட்டுக்காரர் ஆளைப் பார்வையிட விடமாட்டேன் என்று கதவை அடைக்கவும் முடியாது. ஆகையால் கீழ்வீட்டம்மா வாய்ச் சண்டைக்குப் போகாமல் ஒரு கடிதம் எழுதினால் போதும்.

மாடியிலிருந்து பொருளை எறிவது பற்றிப் பேசும்போது எனக்கு மனம் நடுங்குகிறது. 2018 ஜனவரி 15ஆம் நாள் கோலாலம்பூர் பந்தாய் டாலாமில் உள்ள ஒரு பி.பி.ஆர். குடியிருப்பில், தாயுடன் கடைக்குப் போய்த் திரும்பிய 15 வயதுப் பையன் ஒருவன், மேலிருந்து விழுந்த அலுவலக நாற்காலி தலையில் பட்டு அங்கேயே மாண்டான். நம் இனத்துப் பிள்ளை. நாற்காலியைக் கீழே எடுத்துப் போகச் சோம்பல். ஒரு தாயின் வாழ்க்கை போயிற்று. பெரிய குப்பையைப் போடக் கட்டடத்தில் இடம் உண்டா, அதை வாரத்துக்கு எத்தனை முறை எடுக்கிறார்கள், மின்தூக்கி ஓடுகிறதா என்பதெல்லாம் இதோடு சேர்ந்த கேள்விகளே. மின்தூக்கி ஓடாத பதினெட்டு மாடிக் கட்டடத்தில் பழைய மெத்தை எந்த வழியாக இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள். எறிந்தவரை மன்னிக்க இதைச் சொல்லவில்லை. அடுத்தவர் எறியாமலிருக்க வழி செய்யவே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்கள் அங்குள்ள அடுக்குமாடிகளைப் பார்த்திருப்பீர்கள். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ தீயில் வீடிழந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது விரைந்து அடுக்குமாடி கட்டிக்கொடுத்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து நகர மன்றங்கள் மாதக் கட்டணம் வாங்கிக் கட்டடங்களைப் பராமரிக்கின்றன. அதில் ஒரு பகுதி கையிருப்பு நிதிக்குப் போகிறது. வீட்டை வாடகைக்கு விடுபவர் கழகத்தின் அனுமதி பெற வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்து விடக்கூடாது. மாடியிலிருந்து ஆபத்தான பொருளை எறிந்தவரின் வீட்டையே கழகம் எடுத்துக்கொள்ள முடியும். அங்கே எல்லாரும் நல்லவர்கள், இங்கே எல்லாரும் கெட்டவர்கள் என்பதில்லை. அங்கே யார் வாடகைக்கு இருக்கிறார், யார் கட்டணம் கட்டவில்லை என்பது ஓர் அலுவலகத்துக்குத் தெரியும். இங்கே பல கட்டடங்களில் அது யாருக்கும் தெரியாது.

நம் ஊர் நகராண்மைக் கழகத்துக்கும் அதிகாரம் இல்லாமலில்லை. நிர்வாக மன்றம் செயலற்றுப் போனால் கட்டட ஆணையர் ஒரு நிர்வாக முகவரை நியமிக்கலாம். கணக்குக் காட்டாத குழுவை விசாரிக்கலாம். நீர் தேங்கிக் கொசு வளர்ந்தால், 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி சுகாதார அதிகாரி அபராதம் போடலாம். உரிமையாளரும் சரி, குடியிருப்பவரும் சரி, அதற்குத் தப்ப முடியாது. மலிவு விலை அடுக்குமாடிகளின் கூரை, மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைச் சீர்செய்ய அரசாங்கம் பராமரிப்பு உதவித் திட்டங்களும் வைத்திருக்கிறது. ஆனால் விண்ணப்பம் செய்ய உயிருள்ள நிர்வாக மன்றம் வேண்டும். குழுவே இல்லாத கட்டடத்துக்கு உதவி கைக்கெட்டாமலே போகும்.

பராமரிப்பால் தீராத குறைகளும் உண்டு என்பதை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். புத்ராஜெயா நகரம் எழுவதற்காகப் பெராங் புசார் முதலிய தோட்டங்களை விட்ட மக்கள், டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். அங்கே சுவர்கள் விரிசல் கண்டு, அவர்கள் பல்லாண்டு முறையிட்டு வந்தது நாடறிந்த செய்தி. தூணும் சுவரும் விரிசல் விட்டால், அது மாதக் கட்டணத்தில் சிமெண்டு வாங்கிப் பூசுகிற வேலையல்ல. பொறியாளர் பார்த்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும். கட்டியவரிடமும் அரசாங்கத்திடமும் கேட்க வேண்டிய கணக்கு அது. விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வையுங்கள். அகலம் கூடினால் அது சாட்சி சொல்லும்.

கடைசியாக, கடிதம் எழுதும் முறை. பல குடும்பங்கள் அலுவலகத்துக்குப் போய் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகின்றன. அது பதிவாவதில்லை. பிள்ளைகளுக்கு மலாய் எழுதத் தெரியும். அவர்களைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். கட்டடத்தின் பெயர், வீட்டு எண், குறை என்ன, எந்தத் தேதியிலிருந்து என்று நான்கு வரி போதும். வாடகை வீடானால் மாநகர் மன்றத்துக்கும், சொந்த வீடானால் முதலில் நிர்வாக மன்றத்துக்கும், 14 நாளில் பதில் இல்லையேல் கட்டட ஆணையருக்கும் அனுப்புங்கள். ஒரே குறைக்கு இருபது வீட்டார் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் அலுவலகச் சாப்பும் தேதியும் குத்தி வாங்கி, வாடகை ரசீது இருக்கிற அந்த பிஸ்கட் டின்னிலேயே போட்டு வையுங்கள்.